உப்பில்லாத மூன்று மாதம்

றொஷேல் அப்பாவுக்கு,

சோறும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன். கீரைக்கு உப்பில்லை, எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறேன்.

உங்கள் பிரஷருக்காக மூன்று மாதமாக நானும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டேன். மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த காலோடு, தினமும் ஹாலிஎல ரோட்டில் உங்களோடு நடந்தேன். நேற்று பிரஷர் ஏறியிருப்பது தெரிந்ததும், கிளினிக்கில் அத்தனை பேர் முன்னால் நர்ஸ் மிஸ்ஸிடம் என்ன சொன்னீர்கள்? "இவ கறியில உப்ப அள்ளிப் போடுறா மிஸ்." உங்கள் தங்கச்சி வீட்டில் தினமும் கருவாடு சாப்பிட்டதைச் சொல்லவில்லை.

நீங்கள் வெளியே போனபிறகு மிஸ் எனக்கும் பிரஷர் பார்த்தார். உங்களுடையதைவிடக் கூட. "வீட்ல என்னம்மா யோசன?" என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

பண்டாரவளைக்கு, றொஷேல் வீட்டுக்குப் போகிறேன். இரண்டு வாரமாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும். தேடி வர வேண்டாம்.

நேசராணி

சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை உங்களுக்குக் கிளினிக். பிரஷர் எழுதுகிற கொப்பி அலமாரியில் இருக்கிறது. மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனிச் சமைக்கப்போவது நீங்கள்தான். பிரஷர் கூடினால் மிஸ்ஸிடம் யாரைக் கைகாட்டுவது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.