இதயப் பாடமும் பட்டாம்பூச்சியும்

ஜூன் 9, திங்கள்

பவர்பாயிண்ட் பயிற்சியாம். சொல்லிக்கொடுக்க வந்தவர் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார். எங்களுக்கும் வாசிக்கத் தெரியும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் தலைமை ஆசிரியர் குண்டைத் தூக்கிப் போட்டார். "திரையில பாடம் நடத்திக் காட்டுறவங்களுக்குத்தான் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு உயிரியல்." பத்தாம் வகுப்பு என்னுடையது! போட்டிக்கு இருப்பது ஒருத்திதான், போன வருஷம் சேர்ந்தவள். அவள் ஸ்லைடு மாறும்போதெல்லாம் ஒரு பட்டாம்பூச்சி பறக்கிறது. செரிமானப் பாடத்தில் பட்டாம்பூச்சிக்கு என்ன வேலை? அவளுக்கு அதையே பெயராக வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

இணையத்தில் 'இதயம்' என்று தேடினேன். முதலில் காதல் கவிதை. அடுத்ததும் காதல் கவிதை. தூ.

ஜூன் 14, சனி

ஒருவழியாக ஒரு வீடியோ கிடைத்தது. வால்வு திறந்து மூடுவது தெளிவாகத் தெரிகிறது. சரி, இதைக் கரும்பலகையில் காட்ட முடியாதுதான்.

எழுத்து வேலையை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அச்சகத்தில் நோட்டீஸ் அடிக்கிற மனுஷர். "தமிழ் டைப்பிங்தானே? என்கிட்ட விடு. எங்க அச்சக எழுத்துல அடிச்சா கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார். அழகாகத்தான் இருந்தது. பட்டாம்பூச்சி வயிறு எரியட்டும்.

ஜூன் 20, வெள்ளி

மானம் போச்சு.

பாடம் நடத்திக் காட்டப் போனால், அந்த அச்சக எழுத்து பள்ளிக் கணினியில் இல்லையாம். 'இதயம்' இருந்த இடத்தில் ஒரு காற்புள்ளி, மூன்று ஆங்கில எழுத்து, ஓர் அரைப்புள்ளி. எல்லா ஸ்லைடும் அப்படியே.

"டீச்சர், இது என்ன பாஷை?"

"இதயத்தோட பாஷை. வாயை மூடிட்டு வீடியோவைப் பாரு."

மீதியை வாயாலேயே நடத்தி முடித்தேன். கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியர் கைபேசியைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். எழுந்து வந்து, "ஸ்லைடு அருமை டீச்சர். பத்தாம் வகுப்பு உங்களுக்குத்தான்" என்றார்! பட்டாம்பூச்சி பக்கத்திலேயே நின்றாள். காட்டிக் கொடுத்திருக்கலாம். வாயே திறக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஜெயிச்சாச்சு. அப்புறம் ஏன் சாப்பாடு இறங்க மாட்டேங்குது? அந்த ஆளு ஒரு வரிகூடப் படிக்கலையே. அவ பாடத்தையும் இதே லட்சணத்துலதானே பார்த்திருப்பாரு? ச்சீ. இப்படிக் கிடைச்ச வகுப்பை வச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கிழிக்கப் போறேன்?

ஜூன் 23, திங்கள்

நேராகப் போய்ச் சொன்னேன். "சார், அன்னைக்குத் திரையில இருந்தது தமிழே இல்ல."

"அப்படியா? நான் ஏதோ டிசைன்னு நெனச்சேன்."

டிசைனாம்! இவரெல்லாம் எங்களுக்கு மதிப்பெண் போடுகிறார். நான் பார்த்த பார்வையில் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாதீங்க. ரெண்டு பிரிவு இருக்கே, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க." பாதி வகுப்பு போய்விட்டது. போகட்டும்.

படிக்கட்டில் பட்டாம்பூச்சி. "யூனிகோடுல அடிச்சா எங்க கொண்டுபோனாலும் மாறாது டீச்சர். சொல்லித் தரட்டுமா?"

"அன்னைக்கே ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"நீங்க நடத்துறதைக் கேட்டுட்டே நின்னுட்டேன் டீச்சர்."

ஐஸ் வைக்கிறாள். சரி, நாளைக்கு வா என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

என் பிரிவில் இதயப் பாடம். யூனிகோடில் நானே அடித்தது. ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை. வீட்டுக்காரருக்கு யூனிகோடு என்றால் இன்னும் என்னவென்று தெரியாது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷர்!

கடைசி ஸ்லைடில் ஒரு பட்டாம்பூச்சி பறந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். யாராவது கேட்டால் அவள் போட்டது என்பேன்.