விபூதியில் தேய்த்த ரூபாய்

6.7.86, ஞாயிறு

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவிட்டு உள்ளே வந்தால், கூடத்தில் விருந்தாளி. பியூலா டீச்சராம். தாம்பரத்தில் ஏதோ பெண்கள் பள்ளியில் சரித்திரப் பாடம் எடுக்கிறாளாம். இவர் போகும் பழைய நாணயம் சேர்ப்போர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். ஃபேனுக்குக் கீழே இருக்கும் நாற்காலி அவளுக்கு. இவர் ஸ்டூலில்.

என்னோடு ஒரு வாரம் பேசுகிற பேச்சை ஒரு மணி நேரத்தில் பேசித் தீர்த்தார். இந்த மனிதருக்கு இத்தனை சிரிப்பு வரும் என்பதே கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் தெரிகிறது. அவள் ஒன்றும் அழகி இல்லை. அழகியாக இருந்தாலாவது இவரை ஒரு வார்த்தை கேட்கலாம்.

13.7.86

மறுபடி வந்தாள். காபியில் வேண்டுமென்றே சர்க்கரையைக் குறைத்தேன். "நல்லாருக்குக்கா" என்றாள்.

20.7.86, ஞாயிறு

அம்மா ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். "இன்னாடி செல்லி, வாராவாரம் டீச்சரு வூட்டுக்கு வந்துகினு கீது? உன் வூட்டுக்காரரு இன்னா பத்தாங்கிளாஸ் பரீட்ச எழுதப் போறாரா?"

சிரித்து மழுப்பினேன். அம்மா போனபின் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

27.7.86, ஞாயிறு

இவர் ரொம்ப நாளாகத் தேடிய ரூபாய் கிடைத்துவிட்டது. வெள்ளி, 1911ஆம் வருஷத்தது. ராஜாவின் அங்கியில் ஒரு யானை. அது பன்றி மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் முகம் சுளிக்க, அரசாங்கமே திரும்ப வாங்கிக்கொண்டதாம். அதனால் பன்றி ரூபாய் என்று பெயர். பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

"கொடுங்க, பாக்கறேன்" என்று கையை நீட்டினேன்.

"விரல் படக்கூடாது செல்லி. அது அழுக்கு இல்ல, வயசு. அது போனா விலையே போச்சு."

சரி, எட்ட நின்றே பார்த்தேன். சாயங்காலம் அவள் வந்தாள். உள்ளங்கையை நீட்டினாள். அதில் வைத்தார்! ஓரத்தை மட்டும் பிடிக்க அவளுக்குத் தெரியுமாம். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் வெள்ளி, பித்தளை, கண்ணாடி எல்லாவற்றையும் பிடித்துத் துடைத்து வைத்தவள் நான். எனக்குப் பிடிக்கத் தெரியாதாம்.

இராத்திரி சாப்பிடவில்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை.

10.8.86

மாசக் கடைசியில் சங்கத்தின் கண்காட்சி. ஜனங்கள் கொண்டுவரும் பழைய காசுக்கெல்லாம் என்ன விலை போகும் என்று சொல்கிற நாற்காலி இவருக்குத்தான். பன்றி ரூபாயும் அங்கே வைக்கப்படும். என்ன விலை போடலாம் என்று பார்க்க டீச்சர் பதினைந்தாம் தேதி கொடியேற்றம் முடிந்து வருகிறாளாம். இதை என்னிடம் சொல்லும்போதே முகம் மலர்கிறது.

14.8.86, வியாழன்

நாளை ஆடிக் கடைசி வெள்ளி. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து முடித்து, வெள்ளிக் குங்குமச் சிமிழை விபூதியில் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஆபீஸில். பீரோ திறந்திருந்தது. ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் பன்றி ரூபாயின் உறையைப் பிரித்தேன். விரலில் விபூதி. லேசாக ஒரு தேய். ராஜாவின் கன்னம் வெள்ளையாக வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. பழந்துணி எடுத்து நன்றாகத் தேய்த்தேன். சிமிழைவிட மின்னியது.

வீட்டுக்கு ஆள் வந்தால் பண்டம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? அவரும் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்றுதான்—

பொய். விலை போய்விடும் என்று அவர் சொன்னது காதில் விழுந்தபடியேதான் தேய்த்தேன். அவள் உள்ளங்கையில் இருந்தது என் கையாலும் ஒரு பாடு படட்டும் என்றுதான்.

15.8.86, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வந்தாள். புடவையில் குண்டூசியால் குத்திய காகிதக் கொடி. இவர் உறையைக் கவிழ்த்தார். ரூபாய் பளீரென்று விழுந்தது. இவர் நிமிர்ந்து அடுப்படி வாசலில் நின்ற என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். சரி, இன்றைக்கு இவள் எதிரில் நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"நான்தான் டீச்சர். பல்பொடி போட்டுத் தேச்சுட்டேன். கண்காட்சிக்குப் பளிச்சுனு இருக்கட்டும்னு ஒரு ஆசை. புத்தி கெட்டுப்போச்சு" என்றார்.

அவள் ரூபாயை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "முடி மாதிரிக் கீறல் ஓடுது சார். எல்லாம் ஒரே வட்டமா. எழுத்து இடுக்குல பொடி நிக்குது. வாங்கறவன் லென்ஸ் வெச்சதுமே கண்டுபிடிச்சுடுவான்."

"விலை?"

"நேத்து அறுநூறு சொல்லியிருப்பேன். இன்னிக்கு நூத்தியிருபது. அதுவும் அந்த வருஷத்துக்காக. வேற வருஷமா இருந்தா வெள்ளி எடைக்குத்தான் போகும்."

இவர் தலையாட்டினார். பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மாணவியிடம் அடி வாங்கின மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் போனபிறகும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு அறை அறைந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

17.8.86

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொன்னேன்?" என்று பேப்பரைப் புரட்டினார்.

31.8.86, ஞாயிறு

கண்காட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார். விலை சொல்லும் நாற்காலியில் டீச்சர். ரூபாய் கண்காட்சிக்கு வராததன் காரணத்தைச் சங்கத்தில் இவரே சொல்லிவிட்டிருக்கிறார். செயலாளர் அரிகிருஷ்ணன் எல்லோர் காதிலும் விழும்படி, "சொந்தக் காசையே பல்பொடி போட்டு வெளக்கறவரு அடுத்தவன் காசுக்கு விலை சொல்றதா? நல்லாருக்கே சார் நியாயம்!" என்றார். சிரிப்பு. இவரும் கூடச் சிரித்துக்கொண்டு, பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்.

நான்தான் என்று அங்கேயே கத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. ஆனால் அவளைப் பார்க்கும்போது வழக்கமாக வயிற்றில் எரிவது இன்று எரியவில்லை. அவள் முன்னால் எந்த மதிப்புக்காக இவர் இத்தனை நாள் முகம் மலர்ந்தாரோ, அதை எனக்காக அவள் முன்னாலேயே விட்டுக்கொடுத்துவிட்டாரே.

21.9.86

"இனிமே இது சங்கத்துக்கு ஆகாது. உனக்கு ஆகும்" என்று பன்றி ரூபாயை என் உள்ளங்கையில் வைத்தார். முழு விரலும் படும்படி மூடிக்கொண்டேன். பூஜைத் தட்டில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை தோறும் விளக்கோடு அதற்கும் ஒரு தேய்.

18.1.87, ஞாயிறு

பொங்கல் முடிந்து டீச்சர் வந்தாள். இவர் வாழைப்பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பூஜைத் தட்டில் ரூபாயைப் பார்த்துவிட்டு, "எடுக்கலாமாக்கா?" என்று கேட்டாள். என்னிடம் அனுமதி!

"எடுங்க டீச்சர். இன்னிக்கு மார்க்கெட்டுல என்ன போகும்?" வம்புக்குத்தான் கேட்டேன்.

அதே ஜன்னலுக்குப் போனாள். அதே மாதிரி சாய்த்துப் பார்த்தாள். "இத்தனை தேச்சப்புறம் இப்ப எடை விலைதான். நாப்பத்தஞ்சு." திரும்ப வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "அன்னிக்கு இதுல இருந்தது பல்பொடி இல்ல, விபூதி. எங்க பக்கத்து வீட்டுல வெள்ளிச் சாமானை அப்படித்தான் தேய்ப்பாங்க. சார் அதை நெத்தியில வெக்கறதோட சரி, அவருக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

அவள் பக்கத்தில் போய் நின்றேன். "அப்பவே தெரியுமா?"

"தெரியும். எனக்காக இப்படி ஒரு பொய் சொல்ல யாரும் வந்ததில்லக்கா" என்றாள். சிரித்தமாதிரிதான் சொன்னாள். ரூபாயைத் தட்டில் வைத்தாள். ஓரத்தைப் பிடிக்கவில்லை, முழு விரலும் படத்தான் வைத்தாள்.

காபி கலக்கப் போகுமுன் அவள் முகத்தைப் பார்த்தேன். போன ஆடி முழுக்க எங்கள் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்த்த என் முகம். சர்க்கரை சரியாகப் போட்டேன்.