அப்பா வாங்கிய சிவப்புக் கார்

கம்பைநல்லூர்
22-6-1986

அன்பு மகள் இசபெல்லாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் உடம்பில் பெரிய நோவு எதுவும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே குவைத்தில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் உங்கள் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுகிறாய் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார், அப்படிச் செய்யாதே கண்ணு, ஒரு வாய் மோர்ச்சோறாவது தின்றுவிட்டுப் படு. இங்கே நம் பசு சிவப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மாங்காய் இந்த வருஷம் காற்றில் பாதி கொட்டிப் போயிற்று, இருந்ததில் ஊறுகாய் போட்டு ஜாடியில் வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புவேன். அப்பா ஏன் கடிதம் எழுதவில்லை என்றும், போட்டோவில் அவர் சாய்ந்து நிற்கிற சிவப்புக் கார் எப்படி ஓடுகிறது என்றும் கேட்டிருந்தாய். அது ஓடவில்லை, இனி ஓடவும் ஓடாது. அந்த வண்டியை நினைத்தாலே எனக்குத் துப்பத்தான் தோன்றுகிறது. நீலக் கவரில் எழுதினால் இடம் போதாது என்றுதான் வெள்ளைத் தாள் வாங்கி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மொரப்பூர் ஸ்டேஷனில் பார்சல் ஆபீசிலேயே காலம் தள்ளிவிட்டு உன் அப்பா ரிடையர் ஆனாரே, ஆன மறுவாரமே தர்மபுரிக்குப் போய் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். சாப்பிட உட்கார்ந்தால்கூட இடது கை தொடைப் பக்கத்தில் கியர் போட்டுக்கொண்டே இருக்கும். சரி, எனக்கும் முட்டி வலி, ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பாடு தீரும், ஏதோ பழைய அம்பாசிடர் வாங்குவார் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேப்பரில் பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் விளம்பரம் பார்த்தார், பழைய கார் விற்கிறவர்கள், எட்டு ஊரில் கிளை வைத்திருக்கிறார்களாம், எங்களிடம் வாங்குவது உங்கள் சொந்தக்காரரிடம் வாங்குவது போல என்று போட்டிருந்தது. பொங்கல் கழிந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக் கட்டிடம், உள்ளே குளுகுளு மிஷின், பீங்கான் கோப்பையில் காப்பி. டை கட்டிய முனிராஜ் என்ற ஒருவன் வந்து எந்த ஊருங்க என்று கேட்டான், சொன்னதும், அட நம்ம சீமைங்க, எங்க ஆத்தா பொறந்தது நல்லம்பள்ளிதானுங்க என்று உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான், உன் அப்பா அங்கேயே அவனுக்குப் பிள்ளையாகிவிட்டார்.

அங்கே நல்ல வண்டி எத்தனையோ நின்றது. இவர் கண் போய் விழுந்தது மூலையில் நின்ற அந்தச் சிவப்பு வண்டியில். மிளகாய்ப் பழச் சிவப்பு, இரண்டே கதவு, இரண்டே சீட்டு, மேலே மடக்கி விடுகிற துணிக் கூரை, தரையோடு தரையாகப் பதுங்கிக்கொண்டு நிற்கிறது. பந்தயக் கார் ஜாதிங்க, எம்பசி துரை ஒருத்தரு வச்சிருந்தது, ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் எடுப்பாரு என்றான் முனிராஜ். நான் ஏறி உட்கார்ந்தேன், முட்டி வந்து நெஞ்சில் இடித்தது, இறங்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே ஊதுவத்தி வாசனை, அதற்கு அடியில் தார் நாற்றம். இதென்னங்க இது, ரெண்டு பேருக்கு மேல உக்கார எடமே இல்லையே என்று கேட்டேன். உன் அப்பா என்னைப் பார்த்து, ஏ மிக்கேலு, வூட்ல நாம ரெண்டு பேருதான இருக்கறோம் என்றார். அதைக் கேட்டு நானும் தலையாட்டிவிட்டேன். கிராஜுவிட்டிப் பணம் அதோடு போயிற்று.

கம்பெனி டிரைவரே கொண்டுவந்து விட்டுப் போனான். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பிறகு உன் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை, தொப்பி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு பால் வாங்கக்கூட அதில்தான் போவார். மாசி மாதம் உன் சவரி சித்தப்பா மகள் ராஜமேரிக்கு நிச்சயதார்த்தம் நடந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா. மாப்பிள்ளை கிருஷ்ணகிரி, ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். அன்றைக்கு அந்தப் பையன் இந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், சாவி வாங்கி இருமத்தூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாளே அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது, பேசின ஸ்கூட்டர் வேண்டாம், பெரியப்பா வண்டியையே பொண்ணோட அனுப்பிவிடுங்க என்று. வண்டியையா கேக்கறான், என் கண்ணப் பிடுங்கிக் கேக்கட்டும் என்று உன் அப்பா அப்போது குதித்தார்.

சித்திரையில் நல்லம்பள்ளியில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நல்ல மழை. ரோட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்த இடத்தில் வண்டி இறங்கியதுதான் தெரியும், காலுக்கு அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து என் முகத்தில் அடித்தது. பதறிப்போய்க் காலை ஊன்றினேன், கால் உள்ளே போய்விட்டது. உள்ளே என்றால் வண்டிக்குக் கீழே, இசபெல்லா, ஓடுகிற வண்டியில் என் வலது கால் ரோட்டில் உரசியது. செருப்பு பிய்த்துக்கொண்டு போயிற்று. கத்திக்கொண்டே காலை மேலே இழுத்தேன், அவர் பிரேக்கை மிதிக்க வண்டி குறுக்கே திரும்பி நின்றது, எதிரே வந்த லாரிக்காரன் ஒடித்துத் திருப்பாவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் உனக்கு எழுதியிருப்பார்கள். குதிகாலில் தோல் உரிந்தது, இப்போது ஆறிவிட்டது, நீ பயப்படாதே.

வீட்டுக்கு வந்து வண்டிக்குள் விரித்திருந்த மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் தரையே இல்லை. துருப் பிடித்த தகரம், அதன் மேல் தார், தாருக்கு நடுவே கன்னடப் பேப்பரைக் கசக்கி அடைத்து மேலே பூசி வைத்திருக்கிறான். அந்தப் பேப்பர் நனைந்து கூழாகி எலி செத்தது போல் நாறியது. தர்மபுரி ஒர்க்ஷாப்பில் சுரண்டிப் பார்த்தார்கள், சிவப்புக்கு அடியில் முன்பக்கம் பச்சை, பின்பக்கம் வெள்ளை. எங்கோ மோதி நொறுங்கிய இரண்டு வண்டிகளில் உருப்படியான பாதிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எந்தத் துரை ஞாயிற்றுக்கிழமை ஓட்டியது என்று முனிராஜைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கத்தான் போனோம். அதே காப்பி, அதே கோப்பை. முனிராஜுக்கு எங்களை அடையாளமே தெரியவில்லை. தினம் நூறு பேரு வர்றாங்கம்மா என்றான். மேனேஜரிடம் அனுப்பினார்கள், அவர் இது மைசூர்க் கிளை அனுப்பின வண்டி, அங்கதான் கேக்கணும் என்றார், பழைய வண்டின்னு தெரிஞ்சுதானங்க எடுத்தீங்க என்றார், ஒரு வார்த்தைகூட மரியாதை குறையவில்லை. யாராவது கோபப்பட்டிருந்தால்கூட மனிதரோடு பேசின மாதிரி இருந்திருக்கும். நான் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி அவர் மேஜை மேல் வைத்துப் புண்ணைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு குளுகுளு மிஷினைக் கூட்டி வைக்கச் சொன்னார். பிறகு உன் அப்பாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் கொறச்சு நாங்களே திரும்ப எடுத்துக்கறோம், மேலுக்குப் பூசி டச்சப் பண்ணினா உங்கள மாதிரியே இன்னொருத்தரு வருவாரு என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன விலை பாதிகூட இல்லை. வருகிற வழியெல்லாம் உன் அப்பா பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார், மனசு நொந்து போயிருக்கிறார் என்று நினைத்து நான் தொந்தரவு செய்யவில்லை. அவர் நொந்து போகவில்லை, அந்த மேனேஜர் சொன்னதையே அசைபோட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

ஒரு வாரத்தில் வண்டியின் ஓட்டையை மெல்லிய தகரம் வைத்து மூடிப் பூசி, புது மிதியடி போட்டு, சிவப்பு அடித்து வாசலில் நிறுத்தினார். அதோடு சவரி வீட்டுக்கு நடையாக நடந்தார். வண்டியைச் சவரிக்கு விற்று ராஜமேரியோடு அனுப்பிவைக்கப் பேசி முடித்தாகிவிட்டது என்று எனக்குப் பால்காரர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது. கேட்டேன். ஒருத்தன் நம்மள ஏமாத்துவான், நாம கையக் கட்டிக்கிட்டு நிக்கோணுமா என்றார். அதுல போறது நம்ம ராஜமேரிங்க என்றேன். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன், பார்சல் ஆபீசில் ஒரு மூட்டை வெல்லத்தில் ஓர் உருண்டையைக்கூடக் கை வைத்து எடுத்தவர் இல்லை, அன்றைக்கு அவர் உட்கார்ந்து எழுந்த பாயைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சவரிக்கு விஷயம் தெரியாது, சொன்னால் பதறிப் போவார் என்று நினைத்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மிதியடிக்கு அடியில் என்ன இருக்கிறது, என் கால் எப்படிப் போனது எல்லாம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, தெரியும் அண்ணி, அண்ணன் சொல்லிட்டாரு, அதனாலதான வெலையக் கொறச்சாரு, மாப்பிள்ள வூட்டு வாசல்ல போயி நின்னாப் போதும், அப்புறம் அவங்க வண்டி அவங்க பாடு என்றார். அதுல உன் மகதான உக்காந்து போவா என்றேன். மெதுவா ஓட்டச் சொல்லலாம் என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பெங்களூர்க்காரனுக்கு நாம் யாரோ. பெற்றவன் வாயிலிருந்து இது வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் ராஜமேரி கல்யாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்ததும் அவளை நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து கார்க் கதவைத் திறந்து மிதியடியை வெளியே எறிந்தேன். என்ன பெரியம்மா செய்யறீங்க என்று அவள் பயந்து போய்க் கேட்டாள், நீயே பாரு கண்ணு என்று சொல்லிவிட்டு ஓங்கிக் குத்தினேன். முட்டி வலிக்காரி நான், இரண்டாவது குத்துக்கே தரை கிழிந்து மண் தெரிந்தது. சத்தம் கேட்டு உன் அப்பா ஓடி வந்தார், தெருவே கூடிவிட்டது, சவரியும் வந்துவிட்டார். உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது என்று உன் அப்பா கடப்பாரையைப் பிடுங்கப் பார்த்தார், நான் விடவில்லை. ராஜமேரி பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து அந்த ஓட்டைக்குள் காலை விட்டாள். பாதம் மண்ணில் பட்டது. அப்படியே உட்கார்ந்துகொண்டு அவள் அப்பாவைப் பார்த்து, இதுல ஏத்தித்தான் என்னய அனுப்பறதா இருந்தீங்களா அப்பா என்று கேட்டாள். குரலே உயரவில்லை. சவரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவள் அடுத்து உன் அப்பாவைப் பார்த்தாள், பெரியப்பா என்று மட்டும் சொன்னாள். அவர் கடப்பாரையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் விஷயம் கேள்விப்பட்டு, பரவாயில்லை, அதற்குப் பதில் வேறு நல்ல கார் கொடுத்தால் தேதியை மாற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூஞ்சியைப் பார். ராஜமேரி தானே சாமியாரிடம் போய் இரண்டாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கல்யாணம் நின்றுபோயிற்று. சவரி தெருவில் நின்று என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார், அவர் வீட்டு நடை நமக்கு இனி இல்லை. பெண் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் மிக்கேலம்மாள் என்று கோயிலில்கூடச் சிலர் என் பக்கத்தில் முட்டி போடுவதில்லை. போடாமல் போகட்டும். ராஜமேரி ஓசூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போகிறாள், சனிக்கிழமை வந்தால் இங்கேதான் தங்குகிறாள். வண்டியைப் பழைய இரும்புக்காரன் வந்து அறுத்துத் துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போனான். அவன்கூட உள்ளே பார்த்துவிட்டு, இதுல மனுசங்க போனாங்களா என்று கேட்டான்.

உன் அப்பா என்னிடம் பேசுவதில்லை. போட்டதைச் சாப்பிடுகிறார், மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுகிறார், தொப்பி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் குமட்டல் இன்னும் போகவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், அவர் முன்னால் விறுவிறு என்று போய்ப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார், நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். உன் அப்பா படியில் இறங்கி நின்றுகொண்டு, நிறுத்துப்பா, என் சம்சாரம் வருது, அது ஏறாம வண்டி போகாது என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் பேசியது கண்டக்டரிடம்தான், என்னிடம் இல்லை. ஆனாலும் ஏறும்போது கையை நீட்டினார். பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள், காரைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். ராஜமேரிக்கும் நான்கு வரி எழுது, நம் வீட்டு விலாசத்துக்கே போடு, சவரி வீட்டுக்குப் போட்டால் அவள் கைக்குப் போய்ச் சேராது. மாதாவின் முந்தானை உங்கள் இரண்டு பேர் மேலும் இருக்கட்டும், நல்ல செய்தி சீக்கிரம் வரட்டும். சாப்பிடாமல் படுக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
அ. மிக்கேலம்மாள்