குறட்டைக் கதையை மாற்றாதே

மட்டாஞ்சேரி

சௌபாக்கியவதி ஸாதனாவுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே நானும் உன் காமாக்ஷி அத்தையும் விடாத மழையும் சௌக்கியம். கிளாஸ்கோ குளிரில் நீயும் மாப்பிள்ளை நிகிலும் சௌக்கியமாக இருக்க எர்ணாகுளத்தப்பனை வேண்டுகிறேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, பள்ளுருத்தியில் தன் வீட்டுக்குத் திரும்ப இன்னும் கொஞ்ச நாளாகும், அதுவரை டிவி கூடாது, படிக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவளோ சும்மா இருக்கிற பிறவியா?

பத்திரிகைக்கு அனுப்புமுன் நீ எனக்கு அனுப்பிய கதையைப் படித்துவிட்டு, போன வருஷம் போய்ச் சேர்ந்த அப்பாவை இப்படியா கேலி செய்வது, மரியாதையாக மாற்றி எழுது என்று போனில் கோபித்துக்கொண்டேன் அல்லவா? அத்தையும் என் பக்கம் சேரட்டும் என்று நேற்று அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஜூ டவுன் மிளகுக் கிடங்கிலிருந்து வந்து அப்பா படுத்ததும் குறட்டை தொடங்குவதும், எதிர்வீட்டு நாய் அதற்குப் பதில் சொல்வதும், தங்க வந்த சித்தப்பா விடிவதற்குள் பெட்டியைக் கட்டியதும் வந்தபோது அத்தை, "அப்படியே அண்ணாதான் மன்னி, வயறு வலிக்கறது, மேல படியுங்கோ" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு. அதே சிரிப்போடு கடைசி வரியைப் படித்தேன். "இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை." அவ்வளவுதான், என் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை என் கையைத் தேடிப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று அவளைத் திட்டிக்கொண்டே நானும் அழுதேன்.

பிறகு தனியாக உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். கண்ணீர், துக்கம், பிரிவு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரை நீ கேலி பேசுகிற அதே குரல்தான். சிரிக்கிறவள் நீ, கேட்ட எங்கள் நெஞ்சு எப்படி இப்படிக் கனத்தது? எனக்குப் பிரமிப்பாக இருக்கிறதடி. நேராக அழுது எழுதியிருந்தால் பாவம் என்று சொல்லி மடித்து வைத்திருப்பேன். இது சமையலறை வரைக்கும் கூடவே வருகிறது, இன்று ரசத்தில் உப்புப் போட்டேனா என்றே தெரியவில்லை.

காரியங்கள் முடிந்து நீ புறப்பட்டபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று எனக்கு உள்ளூர ஒரு மனத்தாங்கல் இருந்தது. இப்போது இல்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றாமல் அப்படியே அனுப்பு. சோகமாக ஒரு வரி சேர்க்கச் சொல்லி யார் கேட்டாலும் சேர்க்காதே. அச்சானதும் இரண்டு பிரதி வேண்டும், அத்தை தன் கண்ணாலேயே படிக்க வேண்டுமாம்.

இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. ராத்திரி தூக்கம் வராவிட்டால் கூப்பிடு, நானும் விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
திரிபுரசுந்தரி