பேர் போட்டாச்சுக்கா

மார்ச் 6
பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இயர்போனை மாட்டிக்கொண்டு தட்டுகிறேன். அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் கணினி காதில் ஓதுகிறது.

முதுகலையில் குழு ஆய்வு. தலைப்பு: ‘மாற்றுத்திறனாளிகள் பற்றிக் கல்லூரி மாணவர்களின் மனப்பான்மை’. குழுவில் நாலு பேர். பார்வையில்லாதவள் நான் ஒருத்தி. கூட்டம் எங்கே என்று கேட்டால், “முடிஞ்சிடுச்சுக்கா. உங்கள எதுக்கு அலைய வைக்கணும்? கவலப்படாதீங்க, உங்க பேர் போட்டாச்சு” என்கிறாள் எங்கள் தலைவி. பேர் வெட்டி வைக்க நான் என்ன எவர்சில்வர் பாத்திரமா?

மார்ச் 9
பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பாப்பாவையும் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். குழுவில் எல்லோரும் ‘நெட்டையன்’ என்று கூப்பிடும் பையன் அவளிடம், “அம்மாவுக்கு டீ வேணுமா, கேட்டு சொல்லு பாப்பா” என்கிறான்.

“எனக்குக் கண்ணுதான் தெரியாது தம்பி, காது நல்லாவே கேக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா சிரிக்கவில்லை. வழியெல்லாம், “ஏம்மா உன்கிட்டயே கேக்கல?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாளைக்கு இவளும் என்னைத் தாண்டிப் பேசப் பழகிவிடுவாளோ?

மார்ச் 14
கேள்வித்தாள்கள் திரும்பி வந்தன. ‘மாற்றுத்திறனாளியோடு ஒரே குழுவில் வேலை செய்வீர்களா?’ ஏறக்குறைய எல்லோரும் ‘மகிழ்ச்சியுடன்’. “நாங்களும் அதைத்தான் போட்டோம்க்கா” என்று பெருமை வேறு. சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 15
சொல்லிவிட்டேன். அட்டவணை நான் போடுகிறேன், ஆய்வை வழிநடத்தும் மேடம் முன்னால் முடிவுகளை நான் பேசுகிறேன், இல்லையென்றால் என் பேரை எடுத்துவிடுங்கள்.

“மார்க் போயிடும்க்கா.”

போகட்டும்!

“பாவம்னு நல்லதுதானே செஞ்சோம்? இதுக்கு ஏன் கோவம்?” — தலைவிக்கு அழுகையே வந்துவிட்டது. அழ வேண்டியது யார்?

வீட்டுக்காரரிடம் சொன்னால், “சும்மா வர்ற மார்க்க ஏன் வேண்டாங்கிற?” இவருமா!

மார்ச் 18
ஒத்துக்கொண்டார்கள். எதை அனுப்பினாலும் “சூப்பர்க்கா”. படிக்கிறார்களா என்பதே சந்தேகம்.

மார்ச் 21
ஒத்திகை. நான் பாதியில் இருக்கும்போது நெட்டையன், “இருங்க, இருங்க. இது தப்புக்கா. பசங்க கணக்கையும் பொண்ணுங்க கணக்கையும் மாத்திப் போட்டிருக்கீங்க. சரிபாக்காமயா அனுப்பினீங்க?”

“டேய், மெதுவா பேசுடா” — தலைவி.

“என்ன மெதுவா? நாளைக்கு மேடம் நாலு பேரையும் சேத்துக் கிழிப்பாங்க!”

மல்லுக்கு நின்றேன். தோற்றேன். தப்பு என்னுடையதுதான், முகமெல்லாம் சூடாகிவிட்டது. நாளை முதலில் பேசுவது நான். உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன், இதோ அவனிடமிருந்து இன்னொரு செய்தி: “முடிச்சீங்களா இல்லியா?”

கடன்காரன், மூச்சுவிட விடுகிறானா!