வரவேற்புரையில் நின்றுபோன வாக்கெடுப்பு

அண்ணை,

போன புதன்கிழமை எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்துக்குப் போனேன். சொதி வாசம் வாசல்வரை வந்திருந்தது. நீங்கள் கண்மூடி ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது. முதியோர் சாப்பாடு இன்னும் நடக்கிறது. அது உங்களால்தான் என்பது அங்கிருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. மற்றவர்கள் சொதிக்கு உப்புக் காணாது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் நீண்டகாலம் உறுப்பினராக இருந்தவர் நீங்கள். வாக்காளரைவிட மாடுகள் கூடின தொகுதி என்று நீங்களே சொல்வீர்கள். ஓய்வுபெற்று, மனைவியும் தவறியபின், இங்கே, இந்த மோர்டன் ஊரில், மகளிடம் வந்தீர்கள். பழக்கம் விடவில்லை. பஸ் தரிப்பில் நின்றவர்களுக்கெல்லாம் கைகொடுத்து ஊர் பேர் விசாரித்தீர்கள்.

"அப்பா, இஞ்சை ஒருத்தரும் உங்களுக்கு வோட் போடப்போறேல்லை."

"இப்போதைக்கு எண்டு சொல்லு, பிள்ளை."

பத்திரிகைக்காகப் பேட்டி எடுக்க வந்த என்னிடம், "ஒரு சட்டம் கொண்டுவந்தனான். கனக்கச் சட்டம் வராமல் பாத்தனான். ரெண்டாவதுக்குத்தான் கெட்டித்தனம் வேணும்" என்றீர்கள். முதுமையில் வரும் பெருமைப்பேச்சு என்று நினைத்தேன்.

பிறகு பங்கு மண்டபத்தின் நிர்வாகக் கூட்டம் வந்தது. புதன்கிழமைகளில் மண்டபத்தை ஒரு நடனப் பள்ளிக்குக் கொடுப்பதா என்று வாக்கெடுப்பு. கொடுத்தால் சாப்பாடு நின்றுவிடும். தனித்திருந்த முதியவர்கள் கிழமையில் நாலுபேரோடு இருந்து சாப்பிட்டது அந்த ஒருநாள்தான். மகள் வேலைக்குப் போனபின் நீங்களும் தனிதான்.

கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "வோட் காணாது, தம்பி" என்று என் காதில் சொன்னீர்கள். அந்த நேரம் பார்த்து, உங்கள் பழைய பதவிக்கு மரியாதையாக, தலைவர் உங்களை வரவேற்புரைக்கு அழைத்தார்.

ஒவ்வொருவராக வரவேற்றீர்கள். பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம், பிள்ளைகள் பார்க்கும் வேலை. எல்லாம் பஸ் தரிப்பில் சேர்த்த விபரம். தன் பெயர் வருமுன் குறுக்கிட யாருக்கும் விருப்பமில்லை, வந்தபின் மனமில்லை. தலைவர் நெளிந்தார். அவரைக் கடைசிக்கு வைத்திருந்தீர்கள். மண்டபத்தைப் பூட்ட வந்த வெள்ளைக்காரர் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார். அவரையும் வரவேற்றீர்கள், ஆங்கிலத்தில், விரிவாக.

மண்டபம் பூட்டும் நேரமாகிவிட்டதால் வாக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்த கூட்டத்துக்குள் நடனப் பள்ளி வேறு மண்டபம் பிடித்துவிட்டது. தலைவரே வந்து, "நல்ல பேச்சு, ஐயா. என்ரை அப்பாவைப் பற்றியும் ரெண்டு சொல்லு சொல்லியிருக்கலாம்" என்றார்.

அடுத்த புதன்கிழமை, புட்டைப் பிசைந்தபடி என்னிடம் சொன்னீர்கள்: "அங்கை சட்டசபையிலை நான் கதைக்க எழும்பினால் எல்லாரும் கோப்பி குடிக்கப் போயிடுவினம். வெறுங்கதிரையளுக்குத்தான் அவ்வளவு காலமும் கதைச்சனான். இஞ்சை ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை, தம்பி. கண்டனீரே?"

கண்டேன், அண்ணை. வரவேற்புரை முடிந்தபின் கூட்டத்துக்குப் போவது நிருபர்களின் வழக்கம். எனக்கும் அதுவே வழக்கமாக இருந்தது. இப்போது முதலிலேயே போய்விடுகிறேன். யார் பேசினாலும், எவ்வளவு நீண்டாலும், அவர் முடிக்கும்வரை என் கதிரையில் ஆள் இருக்கும்.