மாமாவுக்கு எழுதிய சீட்டு

மார்ச் 3, திங்கள்

பூங்கா வாசலில் இன்று பலகை மாட்டினார்கள். இனி பூங்காவிலும் எதிரே இருக்கும் கடற்கரையிலும் யாரும் புகைக்கக் கூடாது. நான் இங்கே காவலாளி என்று பெயர்தான். இதுவரை என் வேலை நாய்களை விரட்டுவதும் கதவைப் பூட்டுவதும். இப்போது கையில் ஒரு சீட்டுப் புத்தகம். புகைக்கிறவர் பெயரை எழுதி, எச்சரிக்கைச் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். "உங்க வீட்டு ஆளா இருந்தாலும் விடக்கூடாதும்மா," என்றார் மேற்பார்வையாளர், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மாமனார் தினமும் ஐந்து மணிக்குக் குளத்தோரப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு சிகரெட் பிடிப்பார். மகளுக்கு மூச்சிழுப்பு வந்த வருஷம், வீட்டுக்குள் கூடாது என்று அவரை அங்கே அனுப்பியதே நான்தான். இப்போது அங்கிருந்தும் துரத்த வேண்டுமா?

மார்ச் 4

மாமாவிடம் சொல்லவில்லை. கதவு அகலத்துக்குப் பலகை இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும்.

மார்ச் 5, புதன்

படித்தார். படித்துவிட்டு நேராகப் பெஞ்சுக்குப் போய்ப் பற்றவைத்தார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். விசில் ஊதினேன். திரும்பவே இல்லை. கிட்டே போனேன்.

"மாமா, இங்க பிடிக்கக் கூடாது. பலகைய பாக்கலையா?"

"பாத்தேன். அந்தப் பலகை எனக்கு மருமக இல்ல."

"அப்ப மருமக சொல்றேன். அணைச்சிடுங்க. இல்லன்னா சீட்டு எழுதணும்."

"எழுதும்மா."

எழுதினேன். அவர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். அதைத் திருத்தச் சொல்லி, சீட்டை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 6

என்னோடு பேச்சு இல்லை. சாப்பிடும்போது தன் மகனிடம் சொல்கிறார், "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, குழம்புல உப்பு கம்மி." நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இவரும் என் பக்கம் திரும்பி, "உப்பு கம்மியாம்," என்கிறார். நல்ல தபால்காரர்!

மார்ச் 10, திங்கள்

மாமா இப்போது வாசலுக்கு வெளியே மதிலில் சாய்ந்து நின்று பிடிக்கிறார். கூட ஒரு தையல்காரர், ஓர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாமாவுக்கு எழுபத்தொரு வயது, முட்டி வலி. அரை மணி நேரமாய் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி — பார்க்கவே முடியல. நான் என்ன, அவ்வளவு கல்நெஞ்சக்காரியா?

ஆனால் குளத்தோரம் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். அங்கே குழந்தையோடு யாரையும் நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாளாய் மதிலோரம் மாமாவைக் காணோம். தையல்காரரைக் கேட்டேன். "பெரியவர் ஏதோ மனு எழுதிட்டு ஆபீசுக்குப் போயிருக்காரும்மா. எங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினாரு."

மனுவா? என் மேலயா? போயும் போயும் வீட்டு மனுஷரே... இவரிடம் சொன்னேன். "அப்பா அப்படிச் செய்ய மாட்டாரு," என்றார். அப்ப எதுக்குப் போனாராம்? அது அவருக்கும் தெரியல.

மார்ச் 17, திங்கள்

மேற்பார்வையாளர் கூப்பிட்டு அனுப்பினார். போகும்போதே மனசுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். அவர் மனுவை என் பக்கம் தள்ளினார். மாமாவின் முத்து முத்தான கையெழுத்து:

"பூங்காக் காவலாளி என் மருமகள். அவள் தன் கடமையைச் சரியாகச் செய்கிறாள். அவள் மீது எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் வெளியே நின்று புகைக்கும் எங்களுக்குக் கால் வலிக்கிறது. உட்கார ஒரு பெஞ்சு போட்டுத் தருமாறு வேண்டுகிறோம்."

கீழே பதினொரு கையெழுத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அழுவுறீங்களா, சிரிக்கிறீங்களா?" என்றார் மேற்பார்வையாளர். எனக்கே தெரியவில்லை. புகை உள்ளே வராத இடமாகப் பார்த்துச் சொல்லும்படி என்னிடமே விட்டார். வாசலிலிருந்து ஐம்பது அடி எண்ணி, வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால், நிழலாக ஓர் இடம் காட்டினேன்.

வீட்டில் மாமாவுக்கு டீ கொடுத்தேன். "இடம் பாத்தாச்சு மாமா."

"நிழல் இருக்கா?" — என்னிடமே கேட்டார், நேராக!

மார்ச் 29

பெஞ்சு வந்துவிட்டது. பச்சைப் பெயின்ட்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாமா வெளியே பச்சைப் பெஞ்சில் இரண்டு சிகரெட்டையும் முடித்துக்கொண்டு, வாய் கொப்பளித்துவிட்டுப் பூங்காவுக்குள் வந்தார். என் மகளின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பாதி தூரம் ஓடி, மூச்சு வாங்கி உட்கார்ந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் சிகரெட்டை எடுத்தார். நான் போவதற்குள் மாமா அவர் தோளைத் தட்டினார்.

"சார், இங்க வேணாம். வெளிய அம்பது அடி நடங்க, நம்ம பெஞ்சு இருக்கு. அதோ நிக்குதே யூனிஃபார்ம் போட்ட பொண்ணு, அது பொல்லாதது. மாமனாருக்கே சீட்டு கொடுத்தது."

"நிஜமாவா?"

"இருங்க, காட்டுறேன்," என்று சட்டைப் பையில் கை விட்டார்.

நான் காதில் விழாதவள்போலக் குளத்தைச் சுற்றி வந்தேன். இரண்டு சுற்று.